தண்ணீர் எந்தப் பக்கம் சுற்றும்

மிஸ்ஸுக்கு எதுவும் ஒருதரம் நடந்தால் நடந்ததாகக் கணக்கில்லை. நான் வைத்த சாம்பார் நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு மூன்று வெள்ளிக்கிழமைகள் பிடித்தன. முதல் வெள்ளி ருசி பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த வெள்ளியும் அதே தலையாட்டல். மூன்றாவது வெள்ளிதான் கிண்ணத்தைக் கீழே வைத்து, "நல்லா இருக்கு, தங்கச்சி" என்றார். அதற்குள் எனக்கு அவருக்குச் சமைத்துப் போடும் ஆசையே விட்டுப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் அளவைச் சொல்லிவிட்டுப் பட்டையைக் கழற்றப் போனால், இவர் கையை எடுக்க மாட்டார். "அங்கோர் என் கு" என்பார். கிரியோலில் அதற்கு 'இன்னொரு தரம்' என்று அர்த்தம். டாக்டர் முறைத்துக்கொண்டே மறுபடி காற்றடிப்பார். இரண்டாவது அளவு வேறாக இருக்கும். அப்புறம் மூன்றாவது தரமும் பார்த்தாக வேண்டும். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் நாங்கள் எல்லோரும் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

மொரீஷியஸில் நான் முதலில் கற்ற கிரியோல் இந்த மூன்று சொற்கள்தான். கடையில் ரொட்டி கேட்கத் தெரிவதற்கு முன்னால் 'அங்கோர் என் கு' தெரியும்.

என் வீட்டுக்காரர் நாதஸ்வரக்காரர். சேன் பியேர் பக்கத்துக் கோவில் ஒன்றுக்கு அவரை வரவழைத்தார்கள். அவரோடு நானும் வந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. திருநெல்வேலியில் பௌதிகம் படித்து முடித்துவிட்டு, இங்கே வந்து கரும்புக் காட்டுக்கு நடுவில் ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். விடிவதற்குள் தெருப் பெண்கள் எல்லோரும் பின்னலாடை ஆலை வேன்களில் ஏறிப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பும்போது பேசத் தெம்பு இருக்காது, இருந்தாலும் பேச்சு கிரியோலில்தான். அக்கா, மாமா, காவடி, பூசை இவற்றைத் தாண்டினால் அந்த ஊரில் தமிழ் கோவில் பாட்டுக்குள்தான் இருந்தது.

கோவிலில்தான் மிஸ்ஸைப் பார்த்தேன். ஐம்பதைத் தொட்டிருப்பார். ஒல்லியான உடம்பு, தேய்ந்த செருப்பு, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் ஊரே அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டது. அவருடைய பெயரைச் சொல்லி அழைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. தீபாராதனை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"நீ பிசிக் படிச்ச?"

"ஆமா."

"நாளைக்கு வா. பழைய சக்கரை கிடங்கு. எல்லாருக்கும் தெரியும்."

அவ்வளவுதான் பேட்டி.

மறுநாள் போனேன். பழைய சர்க்கரைக் கிடங்கின் கதவில் மூன்று கைப்பிடிகள் வரிசையாக இருந்தன. ஒன்று கீல் பக்கம், ஒன்று நடுவில், ஒன்று ஓரத்தில். நான் கைக்குக் கிட்டே இருந்ததைப் பிடித்துத் தள்ளினேன். அது கீலை ஒட்டிய கைப்பிடி. கதவு அசையவில்லை. தோள் கொடுத்து முக்கினேன், புடவை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து குரல் வந்தது. "அங்கோர் என் கு." ஓரத்துக் கைப்பிடியைப் பிடித்தேன். ஒரு விரலுக்குக் கதவு திறந்தது. உள்ளே மிஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அதைப் பார்ப்பதற்காகவே. நெம்புகோல் தத்துவத்தைப் பரீட்சையில் படம் போட்டு எழுதியவள் நான். கோபம் கோபமாக வந்தது. அன்றைக்கே வேலையில் சேர்ந்துவிட்டேன்.

அந்தக் கிடங்கில் ஒரு விஞ்ஞானக்கூடம் இருந்தது. அரசாங்கத்தினுடையது இல்லை, எந்த வெளிநாட்டுக்காரரும் கட்டிக் கொடுத்ததும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மிஸ் வேலை பார்த்தபோது சோதனைக் கருவிகள் எல்லாம் ஓர் அலமாரியில் பூட்டி இருந்தனவாம். உடைந்துவிடும் என்று தலைமையாசிரியை சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்திருந்தாராம். பிள்ளைகள் கண்ணாடி வழியாக லென்ஸைப் பார்த்துவிட்டு லென்ஸைப் பற்றி எழுதினார்கள். மிஸ் ஒருவருஷம் சாவி கேட்டார், கிடைக்கவில்லை. மறுவருஷமும் கேட்டார். பிறகு வேலையை விட்டுவிட்டார். பென்ஷன் வேலை. வீட்டில் இருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர் கரும்புத் தோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சும்மா கிடந்த கிடங்கைக் கேட்டார். இல்லை என்றார்கள். அடுத்த மாதம் போய்க் கேட்டார். அவர்களுக்கு அலுத்துப்போய்க் கொடுத்துவிட்டார்கள்.

உள்ளே இருந்தவை எல்லாம் தீவு தூக்கிப்போட்ட சாமான்கள். மூடிவிட்ட கரும்பாலையில் பாகு காய்ச்சிய இரண்டு பெரிய இரும்புக் கொப்பரைகளை வாங்கி, கூடத்தின் இந்தக் கோடியில் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றுமாக எதிரெதிரே நிறுத்தியிருந்தார். ஒரு கொப்பரைக்குள் தலையை நீட்டி முணுமுணுத்தால் மற்றக் கொப்பரையில் காது வைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஊரில் இரண்டு கல்யாணங்கள் அந்தக் கொப்பரைகளில் நிச்சயமானவை என்று பேச்சு உண்டு. போர்ட் லூயிஸ் துறைமுகத்திலிருந்து வந்த கப்பிகளில் ஒரு நாற்காலி தொங்கியது. உட்கார்ந்தவர் கயிற்றை இழுத்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்ளலாம். வாசலில் ஒரு சரக்குப் பெட்டகம். அதன் இரும்புச் சுவரில் ஆணி அளவுக்கு ஒரு துளை. உள்ளே போய்க் கதவைச் சாத்தி இருட்டில் கொஞ்சம் பொறுத்தால் எதிர்ச் சுவரில் கரும்புக் காடு தலைகீழாகத் தொங்கும், தலைகீழாகவே மாட்டுவண்டி போகும். நான் முதல்முறை பார்த்தபோது அழுதுவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. ஊர் ஞாபகமாக இருக்கலாம். மிஸ் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. கதவைத் திறந்து என்னை வெளியே விட்டு, மறுபடி உள்ளே போகச் சொன்னார்.

எதிலும் 'தொடாதே' என்ற பலகை கிடையாது. எது உடைந்தாலும் மிஸ்ஸுக்கு வருத்தம் கிடையாது. "உடைஞ்சா நல்லது. யாரோ தொட்டாங்க" என்று பசையை எடுத்துக்கொண்டு உட்காருவார். மாதக்கணக்கில் உடையாமல் இருக்கும் பொருளைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்.

திறப்பு விழாவுக்கு வந்த ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்கள். சைக்கிளை மிதித்தால் பல்பு எரியும் என்று அவரை ஏற்றி உட்காரவைத்திருக்கிறார்கள். அவர் மாலையும் கழுத்துமாக நாலு மிதி மிதித்தார். பல்பு எரியவில்லை. கூட இருந்தவர்கள் கைதட்டிச் சமாளித்து அவரை இறக்கப் பார்த்தார்கள். மிஸ் ஹாண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அங்கோர் என் கு, மிஸ்யே." மிஸ்யே என்றால் ஐயா. அவர் மறுபடி மிதித்து, மேல்மூச்சு வாங்கி, மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மிதித்தபோது பல்பு எரிந்தது. அந்த மனிதர் அப்புறம் இறங்கவே மறுத்தாராம். அவருடைய பேச்சுக்கு ஒதுக்கிய நேரம் அதிலேயே போய்விட்டது.

இதையெல்லாம் வைத்து அவரை இனிமையான பெண்மணி என்று நினைத்துவிட வேண்டாம். கூட வேலை பார்ப்பது கஷ்டம். முடிந்தது என்று ஒரு நாளும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. என் தமிழையும் விட்டுவைக்கவில்லை. எதையாவது நான் வேகமாகச் சொன்னால், "இன்னொரு தரம் சொல்" என்று பிரெஞ்சு வாடை அடிக்கும் தமிழில் மறிப்பார். அவர் அதைத் திருப்பிச் சொல்லுவார், நான் திருத்துவேன், மறுபடி சொல்லுவார். காய்ச்சல் அடிக்கிறது, வீட்டுக்குப் போகிறேன் என்று ஒருநாள் சொன்னேன். அந்த வாக்கியம் அவர் வாயில் படியும்வரை என்னை விடவில்லை. பைத்தியம் என்று அன்றைக்கு வாய்விட்டே சொன்னேன். அந்தச் சொல்லையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

கல்யாணத்தைப் பற்றி ஒருமுறை கேட்டேன். ஒருமுறைதான் கேட்டேன். கட்டிக்கொண்டவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, அங்கேயே தங்கிவிட்டார் என்று சொன்னார். மறுபடி ஏன் செய்துகொள்ளவில்லை என்றேன். கொப்பரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துடைப்பதை நிறுத்தாமல், "அது மட்டும் ஒருதரம் போதும்" என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனித் தொட்டிக்கு வருகிறேன். கூடத்தின் நடுவில் ஒரு வட்டத் தொட்டி, நடுவில் துளை, துளையில் சங்கிலி கோத்த ஒரு ரப்பர் அடைப்பான். வாளியால் தண்ணீர் நிரப்பி, அடைப்பானை இழுத்தால் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கும். சுழியின் கண்ணைப் பிள்ளைகள் விரல் விட்டுத் தொடுவதற்காகச் செய்தது அது. ஒருநாள் பள்ளிப் பிள்ளைகளோடு வந்த ஓர் ஆசிரியர், நாம் பூமியின் தென்பாதியில் இருப்பதால் இங்கே தண்ணீர் கடிகார முள் போகும் பக்கமாகத்தான் சுற்றும், ஐரோப்பாவில் எதிர்ப்பக்கம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். நானும் தலையாட்டினேன். எங்கள் ஊர்க் கல்லூரியிலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். மிஸ் அடைப்பானை இழுத்தார். தண்ணீர் கடிகார முள் போலவே சுற்றியது. ஆசிரியருக்குச் சந்தோஷம். மிஸ் என்ன சொன்னார் என்று எழுதத் தேவையில்லை.

இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் மாறிச் சுற்றியது.

அன்றிலிருந்து மிஸ்ஸுக்கு அந்தத் தொட்டிதான் உலகம். பக்கத்துப் பின்னலாடை ஆலையிலிருந்து, நூல் சுற்றி வரும் காலி பாபின்களை மூட்டையாக வாங்கி வந்தார். தொட்டிக்கு இரண்டு பக்கமும் கோழிவலையைச் சுருட்டி ஆள் உயரத்துக்கு இரண்டு கூண்டுகள் நிறுத்தினார். வருகிறவர் தானே நிரப்ப வேண்டும், தானே இழுக்க வேண்டும். தண்ணீர் வலமாகச் சுற்றினால் வலக் கூண்டில் ஒரு பாபின், இடமாகச் சுற்றினால் இடக் கூண்டில் ஒன்று. மாதங்கள் போகப் போக, இரண்டு கூண்டிலும் கலர் கலராகப் பாபின்கள் ஏறின. ஒருவாரம் ஒன்று முந்தும், மறுவாரம் மற்றது எட்டிப் பிடிக்கும். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே உயரம்தான்.

கணக்குப் போட்டு, புத்தகங்களைப் புரட்டி, எனக்கும் புரிந்தது. பூமி சுற்றுவது புயலைத் திருப்பும். புயல் நூறு மைல் அகலம், நாட்கணக்கில் சுற்றுவது. குளியல் தொட்டி அளவு தண்ணீரை அது ஒன்றும் செய்ய முடியாது. வாளியை எந்தப் பக்கமாகச் சாய்த்தோம், அடைப்பானை எப்படிப் பிடுங்கினோம், அதுதான் தீர்மானிக்கிறது. இதை மிஸ்ஸிடம் பெருமையாக விளக்கினேன். கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு வாளியை என்னிடம் நீட்டினார்.

அப்புறம் நிஜப் புயலே வந்தது. நாங்கள் கோவில் மண்டபத்தில் அடைந்து கிடந்தோம். மறுநாள் போனால் கிடங்கின் தகரக் கூரையில் பாதி இல்லை. கரும்புக் காட்டில் மடங்கிக் கிடந்தது. கப்பி நாற்காலி உடைந்திருந்தது. தொட்டி நிரம்பியிருந்தது. கூண்டுகள் இரண்டும் சாய்ந்து பாபின்கள் தரையெல்லாம் மிதந்தன. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மிஸ் பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். எந்தப் பாபின் எந்தக் கூண்டு என்று இனித் தெரியாது என்றேன். "தெரியாது. முதல்லேந்து" என்றார். எல்லாவற்றையும் பொறுக்கி மூட்டை கட்டி, கூண்டுகளைக் காலியாக நிறுத்தினார்.

தோட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். கூரையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் கிடங்கைத் திருப்பித் தாருங்கள், பக்கத்து ஆலை சரக்கு வைக்க இடம் கேட்கிறது என்றார். அடுத்த மழைக்காலம்வரை தவணை. தார்ப்பாயின் கீழே கூடத்தை நடத்தினோம். மிஸ் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். எல்லோரும் புகழ்ந்தார்கள். கூரை மட்டும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடற்கரை ஊரான கிராண்ட் பேயிலிருந்து ஹோட்டல்காரர் வந்தார். பெரிய ஹோட்டல் ஒன்றில் விருந்தினர்களை ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பு அவருக்கு. சுத்தமான சட்டை, மரியாதையான பேச்சு, நல்ல மனிதர்தான். வாரத்துக்கு இரண்டு பஸ் விருந்தினர்களை அனுப்புகிறோம், கூரையும் போட்டுத் தருகிறோம் என்றார். எனக்கு அவரைக் கும்பிடலாம் போல் இருந்தது. கூடத்தைச் சுற்றி வந்தவர் தொட்டிக்கு முன்னால் நின்றார். அவர்கள் பேசியது கிரியோலில். நான் தமிழில் சொல்கிறேன்.

"மதாம், இதுதான் எங்க ஆளுங்களுக்குப் பிடிக்கும். பூமத்திய ரேகைக்குக் கீழே தண்ணி மாத்திச் சுத்தும்னு அவங்க வீட்டிலேயே கேட்டுட்டு வர்றாங்க. பெரிசா ஒரு பலகை வச்சு, அதைக் காட்டினாப் போதும்."

"மாத்திச் சுத்தாது" என்றார் மிஸ்.

"சுத்தும். வாளியை இப்படி ஊத்தினா எப்பவும் வலப்பக்கம்தான் சுத்தும். எங்க ஹோட்டல் தோட்டக்காரன் செஞ்சு காட்டுவான். உங்க ஆளும் கத்துக்கலாம்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "அந்தக் கூண்டு ரெண்டையும் மட்டும் எடுத்துடுங்க. குழப்பும்."

"நீங்க இழுங்க" என்று மிஸ் அடைப்பான் சங்கிலியை நீட்டினார்.

அவர் சட்டைக் கையை நனைக்க விரும்பாமல் சிரித்தபடி பின்வாங்கினார். "லீவுக்கு வர்றவங்க, மதாம். கொஞ்சம் ஆச்சரியப்பட்டுச் சிரிச்சுட்டுப் போகட்டுமே. யாருக்கு நஷ்டம்?"

யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார். நான் மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டேன்.

"மிஸ், ஒரு பலகைதானே. மாட்டிட்டுப் போவோமே. பஸ் போனப்புறம் கழட்டி வச்சிருவோம். கூரை இல்லாட்டி கொப்பரையும் இல்ல, பெட்டகமும் இல்ல, ஒண்ணுமில்ல. பிள்ளைகள் எங்க போகும்?"

மிஸ் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். தமிழில்தான் பேசினார், சொல் சொல்லாகத் தேடி.

"தங்கச்சி, ஒரு பிள்ளை வருது. கை வைக்குது. தண்ணி இடது பக்கம் சுத்துது. அது கண்ணால பார்க்குது. பலகை சொல்லுது, வலது பக்கம். பிள்ளை எதை நம்பும்?"

"பலகையைத்தான் நம்பும்."

"அப்போ கை எதுக்கு?"

 எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் கூடத்தை நடத்தவில்லை, பிடிவாதத்தை நடத்துகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.  அவர் சொன்னது சரி என்று வழியிலேயே தெரிந்துவிட்டது.

மறுவாரம் ஹோட்டல்காரர் பலகையின் மாதிரியையே வரைந்து எடுத்து வந்திருந்தார், அழகான எழுத்தில், தென்னை மரம் போட்டு. மிஸ் அதை வாங்கிப் பார்த்தார். பலகை மாட்டலாம், கேள்வியாக எழுதுங்கள், 'எந்தப் பக்கம் சுற்றும்' என்று, கூண்டுகள் இருக்கட்டும், விருந்தினர்கள் தாங்களே இழுக்கட்டும் என்றார். கேள்வியைப் பார்க்க யாரும் பஸ்ஸில் வர மாட்டார்கள் என்று அவர் சொன்னார். மிஸ் அதே யோசனையை மறுபடி சொன்னார். அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு கைகொடுத்துவிட்டுப் போனார். மிஸ்ஸின் முகம் அன்றைக்குக் கறுத்துப்போயிருந்தது. அவருக்கும் அந்தக் கூரை எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன்.

மழைக்காலம் வந்தது. கிடங்கு போயிற்று.

சாமான்களை ஏற்ற லாரி வந்த காலையில் நான் அழுதேன். மிஸ் அழவில்லை, லாரிக்காரரிடம் நெம்புகோலை எங்கே போட்டால் கொப்பரை சுலபமாகப் புரளும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். எங்கே கொண்டுபோகிறோம் என்று கேட்டேன். "எல்லா இடத்துக்கும்" என்றார்.

அதற்குள் அவர் ஊரில் ஒவ்வொருவரிடமும் பலமுறை போய்க் கேட்டு முடித்திருந்தார். கொப்பரைகள் கால்பந்து மைதானத்தின் இரண்டு கோடிக்கும் போயின. சரக்குப் பெட்டகம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இறங்கியது. மழைக்கு ஒதுங்கியவர்கள் உள்ளே போய்த் தலைகீழான பஸ்ஸைப் பார்த்துவிட்டு நேரான பஸ்ஸில் ஏறினார்கள். சைக்கிளை ரொட்டிக்கடைக்காரர் வாசலில் வைத்துக்கொண்டார். மூன்று கைப்பிடிக் கதவைக் கழற்றி எடுத்து வந்து நூலக வாசலில் மாட்டினோம். தொட்டியையும் கூண்டுகளையும் மட்டும் யாரும் ஏற்கவில்லை, தண்ணீர்ச் செலவு என்று. மிஸ் கிடங்கை எடுத்துக்கொண்ட அதே ஆலையின் மேலாளரிடம் போனார். அவர் முடியாது என்றார். அப்புறமும் முடியாது என்றார். கடைசியில், பெண்கள் சாப்பிடும் முற்றத்தில், கைகழுவும் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

தையல் மிஷினுக்கு முன்னால் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் பெண்களுக்கு எங்கே நேரம் என்று நினைத்தேன். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் நானும் மிஸ்ஸும் போனோம். தொட்டியைச் சுற்றிக் கூட்டம். ஒருத்தி வாளியை ஊற்ற, இன்னொருத்தி சங்கிலியை இழுக்க, மற்றவர்கள் இடதா வலதா என்று பந்தயமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். பாபின்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. சங்கு ஊதியதும் எல்லோரும் ஓடினார்கள். ஓடும்போதே ஒருத்தி திரும்பி, "அங்கோர் என் கு, மிஸ்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.  திரும்பி வந்ததும் மிஸ் என் வீட்டு வாசலில் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் செய்தது அந்த ஒருதரம்தான்.

கூடம் போயிற்று என்று ஊரில் சொல்வார்கள். மிஸ் ஒத்துக்கொள்ள மாட்டார். கூரைதான் போயிற்று என்பார்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் கழித்து, கோவில் தலைவரின் மகள் கல்யாண விருந்து கிராண்ட் பேயில் ஒரு ஹோட்டலில் நடந்தது. என் வீட்டுக்காரர் வாசிக்கப் போனார். மிஸ்ஸும் நானும் பந்திக்குப் போனோம். கடலைப் பார்த்த தோட்டத்தில் வாழையிலை போட்டு அந்த ஊர்க் கல்யாண வழக்கப்படி ஏழு கறியும் பரிமாறினார்கள். நீச்சல் குளத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். நடுவில் அந்த ஹோட்டல்காரர். தலை நரைத்திருந்தது. பூப்போட்ட சட்டை. அவருக்கு முன்னால் பளபளவென்று ஒரு தொட்டி, பின்னால் தென்னை மரம் போட்ட அந்தப் பலகை.

வாளியை அவர் வாகாகச் சாய்த்து ஊற்றினார். அடைப்பானை இழுத்தார். தண்ணீர் வலமாகச் சுற்றி இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பழரசத் தட்டோடு நின்ற ஹோட்டல் பணிப்பெண் ஒருத்தி தட்டைக் கீழே வைத்தாள். முப்பது வயது இருக்கும். முகத்தை எங்கோ பார்த்திருந்தேன். ஆலை முற்றத்தில் ஓடிக்கொண்டே திரும்பிச் சிரித்தவள் அவள்தான். அந்த வருஷங்களில் பலரும் ஆலையை விட்டு ஹோட்டல் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

"அங்கோர் என் கு, மிஸ்யே" என்றாள், பணிவாகத்தான்.

ஹோட்டல்காரர் அவளை முறைத்துப் பார்த்தார். அவள் வேலைக்கு ஆபத்து என்று தோன்றியது. ஆனால் விருந்தினர்களுக்கு உற்சாகம். அவர்களும் இன்னொரு தரம், இன்னொரு தரம் என்றார்கள். அவளே வாளியை எடுத்து ஊற்றினாள், அலை அடங்கும்வரை பொறுத்தாள், ஒரு வெள்ளைக்காரக் கிழவரை இழுக்கச் சொன்னாள். தண்ணீர் இடமாகச் சுற்றி இறங்கியது.  எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஹோட்டல்காரர் காற்று, காற்று என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு எழுந்து ஆடலாம் போல் இருந்தது. "மிஸ், பார்த்தீங்களா?" என்று திரும்பினேன்.

மிஸ் இலையில் பாயசத்தை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் திருப்தி இல்லை.

"ரெண்டோட நிறுத்திட்டா" என்றார். "ரெண்டு போதாது."

கைகழுவி, கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குளத்தைச் சுற்றி மெதுவாக நடந்தார். அப்போது முழங்கால் வலி வந்திருந்தது. பணிப்பெண் அவரைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றாள். மிஸ் அவள் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டார், மறு கையால் அடைப்பான் சங்கிலியை எடுத்தார். ஹோட்டல்காரருக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது என்பது தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. மிஸ் சங்கிலியை அவர் பக்கம் நீட்டினார், முன்பு நீட்டியதுபோலவே.

இந்தத் தடவை பின்வாங்க இடமில்லை; சுற்றிலும் ஆட்கள். அவர் பூப்போட்ட சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பணிப்பெண் ஊற்றினாள். தண்ணீர் அடங்கியது. அவர் இழுத்தார். எல்லோரும் குனிந்துவிட்டதால் எந்தப் பக்கம் சுற்றியது என்று எனக்குத் தெரியவில்லை. மிஸ் அதற்குள் திரும்பி, பாயசத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

அவர் தலைக்கு மேலாக நான் பார்த்தேன். கூட்டம் கலைந்து பழரசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு தரம் என்று யாரும் ஹோட்டல்காரரிடம் கேட்கவில்லை. அவர் தனியாக நின்று வெறும் தொட்டியைப் பார்த்தார். பிறகு குனிந்து அடைப்பானைத் துளையில் பொருத்திவிட்டு வாளியை எடுத்தார்.